காக்கையும் கணக்கில் வரும்: தாம்பரம் ஏரிகளில் அன்றாடப் பறவைகள் சொல்லும் சேதி

கென்யாவின் வனவுயிர்த் துறை 2024-இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப் போகிறோம் என்று. அவர்கள் குறிவைத்தது, நம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும் அதே சாம்பல் கழுத்துக் காக்கையைத்தான். 1890களில் அது சான்சிபார் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது. ஊர்க் குப்பையைத் தின்று தீர்க்கும் என்பது அன்றைய கணக்கு. அங்கிருந்து தான்சானியா, கென்யா கடற்கரை நெடுகப் பரவி, உள்ளூர்ச் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கித் தின்று, இன்று அடக்க முடியாத தொல்லையாகிவிட்டது. தாம்பரத்தில் அமாவாசையன்று சோறு வைத்துக் கூப்பிடப்படும் பறவைக்கு மொம்பாசாவில் விஷம் வைக்கிறார்கள்.

ஒரு பறவை சாதாரணமானதா, அரியதா, தொல்லையானதா என்பதை அதன் உடம்பை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அது வாழும் இடம் எதைத் தருகிறது, எதை மறுக்கிறது என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது. அதனால் ஓரிடத்தில் எந்தப் பறவை மலிந்திருக்கிறது, எது மெல்லக் குறைகிறது என்று விடாமல் கணக்கெடுத்தால், அந்த இடத்தின் நிலைமை தானாகவே வெளிப்பட்டுவிடும். அரிய பறவையால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அது வழிதவறி வந்திருக்கலாம், நாளைக்கே போய்விடலாம். நாள்தோறும் கண்ணில் படும் பறவைதான் சாட்சி சொல்லும்.

சென்னையின் தென்புறநகரில், தாம்பரம் தொடங்கிப் பள்ளிக்கரணை வரை, ஏரிகளைச் சீரமைக்கும் வேலைகள் கடந்த சில ஆண்டுகளாக நடந்துவருகின்றன. அவை சரியான திசையில் போகின்றனவா என்று பார்க்க, செலவில்லாத, நம்பகமான ஓர் அளவுகோல் நம்மிடம் இருக்கிறது. அது அன்றாடப் பறவைகளின் கணக்கு.

ஒரே நீர்வழி

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போதே கூடவே ஓர் ஏரியும் நினைவுக்கு வரும். வேளச்சேரி சாலையில் பேருந்தில் போகிறவருக்கு இவை வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தனித்தனிக் குட்டைகளாகத் தோன்றலாம். நீருக்கு அப்படியில்லை. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், பிறகு கடல். இப்படி ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ள 65 நீர்நிலைகளுக்குப் பள்ளிக்கரணையே வடிகால்.

அந்தச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்தது. பெருங்குடிக் குப்பைமேடு, சாலைகள், ரயில் பாதை, கல்வி நிறுவனங்கள், மென்பொருள் அலுவலகங்கள் எல்லாம் அதன் மேல் ஏறின. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பள்ளிக்கரணையின் ராம்சார் ஆவணம் 115 பறவையினங்களைக் குறிப்பிடுகிறது. இந்தச் சதுப்பு நிலத்துக்காகப் பல்லாண்டு உழைத்த கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-இல் ராம்சார் விருது கிடைத்தது. இந்தியர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல்முறை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரித் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. ஏரிகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை வெள்ளம்தான் பலருக்கு உணர்த்தியது. பறவைகளுக்கு இது பழகிய விஷயம். ஓரிடத்தில் கூடு, இன்னோரிடத்தில் இரை, வேறோரிடத்தில் இரவுத் தங்கல் என்று அவை இந்த நீர்வழி முழுவதையும் ஒரே ஊராகத்தான் பயன்படுத்துகின்றன. மாடம்பாக்கத்தில் நத்தை குறைந்தால் அதன் பாதிப்பு எங்கோ ஒரு மரத்தின் கூட்டில் தெரியும்.

கால் நீளமும் நீர் ஆழமும்

ஜனவரி மாதக் காலையில் ஏரிக்கரையில் நின்று பார்ப்பவருக்கு முதலில் தெரிவது ஒரு பெரிய கலவை. கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் அது ஓர் ஒழுங்காகப் பிரியும். ஆழமான நடுநீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி மூழ்கி எழும். கூழைக்கடாக்கள் நாலைந்தாகச் சேர்ந்து மீனை வளைக்கும். அதைவிட ஆழம் குறைந்த நீரில் வாத்துகள். இவற்றில் ஊசிவால் வாத்தும் புள்ளிமூக்கு வாத்தும் பெரும்பாலும் மூழ்குவதில்லை. தலையைக் கீழே விட்டு, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டுகிற தூரத்தில் கிடைப்பதைத் தின்னும். கழுத்து நீண்ட ஊசிவால் வாத்துக்கு எட்டுகிற அடிமண் குட்டைக் கழுத்து நீலச்சிறகு வாத்துக்கு எட்டாது.

இன்னும் கரைப்பக்கம் வந்தால் நெடுங்கால் உள்ளான் சிவந்த கால்களோடு ஒரு சாண் நீரில் நடக்கும். அதைத் தாண்டி விரலளவு நீரில் பொறி உள்ளான். வெறும் ஈரச் சேற்றில் பட்டாணி உள்ளானும் கொசு உள்ளானும் ஓடி ஓடிக் கொத்தும். மிதக்கும் இலைகள் மேல் நீண்ட விரல்களை விரித்து இலைக்கோழி நடக்கும். சம்பும் கோரையும் அடர்ந்த இடம் தாழைக்கோழிக்கு உரியது. அல்லிக்கொடியும் சேறும் கலந்த ஓரத்தில் அரிவாள் மூக்கன் அலகை ஊன்றித் துழாவும்.

ஆக, ஓர் ஏரியில் எந்தெந்தப் பறவை எத்தனை இருக்கிறது என்ற பட்டியல், அந்த ஏரியில் எந்தெந்த ஆழம் எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதன் வரைபடமும் ஆகும். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். நெடுங்கால் உள்ளான், பொறி உள்ளான், அரிவாள் மூக்கன், கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, பெரும்பூநாரை ஆகிய ஐந்தும் கென்யாவின் ரிஃப்ட் பள்ளத்தாக்கு ஏரிகளிலும் உண்டு, பள்ளிக்கரணையிலும் உண்டு.

அந்த ஏரிகளில் புகழ்பெற்றது நக்குரு. கென்யாவின் முதல் ராம்சார் தலம். லட்சக்கணக்கான பூநாரைகள் அதன் கரையை இளஞ்சிவப்பாக்கிய படங்களை உலகமே பார்த்திருக்கிறது. 2010-க்குப் பிறகு அந்த ஏரியின் நீர்மட்டம் உயர்ந்தது. தண்ணீர் கூடியபோது உப்பும் காரமும் நீர்த்துப்போயின. உப்பும் காரமும் மிகுந்த நீரில் செழிக்கும் பாசி குறைந்தது. பூநாரைகள் பொகோரியா போன்ற ஏரிகளுக்குப் பெயர்ந்தன. நீர் கூடினால் பறவையும் கூடும் என்ற எளிய கணக்கு அங்கே பொய்த்துப்போனது. தாம்பரத்து ஏரிகளுக்கும் இந்தப் பாடம் வேண்டும்.

நத்தைகுத்தி நாரையின் அலகு

இந்தப் பகுதியில் எவரும் எளிதில் அடையாளம் காணக்கூடிய பெரிய பறவை நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். உலகில் இந்தச் சந்துள்ள நாரையினங்கள் இரண்டே இரண்டு. ஒன்று நம்முடையது, மற்றொன்று ஆப்பிரிக்காவுடையது.

அந்தச் சந்து எதற்கு? பாக்குவெட்டியைப் போல நத்தையை வைத்து நசுக்குவதற்கு என்று உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1960-இல் கருதினார். கேட்டால் பொருத்தமாகவே இருக்கும். பின்னர் நேரில் உட்கார்ந்து பார்த்த ஆய்வாளர்கள் அது அப்படியில்லை என்று காட்டினார்கள். நாரை ஓட்டை உடைப்பதே இல்லை. சேற்றில் துழாவி நத்தையைக் கண்டதும் மேலலகால் அதை மண்ணோடு அழுத்திப் பிடிக்கிறது. கூர்மையான கீழலகின் நுனியை, நத்தையின் வாயை மூடும் தட்டுக்கு உள்ளே நுழைத்து, தசையை அறுத்து, சதையை முழுசாக வெளியே இழுத்துவிடுகிறது. இத்தனையும் பெரும்பாலும் நீருக்கடியில், கண்ணால் பார்க்காமல், அலகின் உணர்வை மட்டும் நம்பி நடக்கும். குஞ்சாக இருக்கும்போது அலகில் சந்து கிடையாது. வளர வளரத்தான் அது உண்டாகிறது.

நாரை வேலை செய்துவிட்டுப் போன இடத்தில் உடையாத வெற்று ஓடுகள் கிடக்கும். கரையோரம் நடக்கும்போது அவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு நாரை அங்கே இரை தேட வேண்டுமானால் முழங்கால் அளவைத் தாண்டாத நீர், இளகிய சேறு, நத்தை ஒட்டி வாழ நீர்த்தாவரம், மூன்றும் வேண்டும். கான்கிரீட் கரையில் இவற்றில் ஒன்றும் இருக்காது. நத்தைகுத்தி நாரை தொடர்ந்து வரும் ஏரியில் ஆழமற்ற விளிம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

எண்ணும் மரபு

பறவைகளைப் பார்த்து எழுதிவைக்கும் வழக்கத்தில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் அறுவை மருத்துவர் எட்வர்டு பக்லி இங்குள்ள 22 பறவைகளின் படங்களை லண்டனுக்கு அனுப்பினார். அவை ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரேயின் 1713-ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றன. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று.

மக்களின் மரபு அதற்கு இணையானது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1790களில் அவர் கொடுத்த உத்தரவுதான் அந்த ஏரியின் முதல் எழுத்துப் பாதுகாப்பு. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அந்த உழவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பறவைகளின் எண்ணிக்கைக்கும் நெல் விளைச்சலுக்கும் தொடர்பு கண்டவர்கள் அவர்கள்.

தாம்பரத்துக்கு சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் இடம்பெயர்ந்தது. 365 ஏக்கர் புதர்க்காட்டு வளாகம். வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் அங்கே தாவரங்களை ஆராய்ந்தார், மரங்களை வளர்த்தார். சுற்றிலும் வீடுகள் பெருகிய பிறகும் செம்போத்தும் கொண்டலாத்தியும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் ஒதுங்க அங்கே இடமிருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் வலசை வரும் ஆறுமணிக்குருவி இறங்குவதற்கும் இப்படிப்பட்ட நிழல்தான் தேவை. தமிழில் சூழலியல் எழுத்தை வளர்த்த சு. தியடோர் பாஸ்கரன் அந்தக் கல்லூரியில் படித்தவர். அவருக்கு முன்னோடி மா. கிருஷ்ணன், நம் முற்றத்துப் பறவைகளைக் கூர்ந்து பார்த்து எழுதியே ஒரு வாழ்நாளைக் கழித்தவர். 1978-இல் சென்னை இயற்கையாளர் சங்கம் தொடங்கியது. 2013-இல் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' க்ரியா வெளியீடாக வந்து, தமிழ்ப் பெயர்களோடு பறவை பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குக் கைகொடுத்தது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் ஆர்வலர்கள் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள்.

இப்படி எழுதப்பட்ட சிறு சிறு பட்டியல்கள்தான் 2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைக்கு அடிப்படை. சுமார் 30,000 பேர் பதிவுசெய்த மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை அது மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன, 98 நிலையாக இருக்கின்றன, 36 பெருகியிருக்கின்றன. அதிகம் சரிந்தவற்றில் வலசை வரும் கரைப்பறவைகளும் வாத்துகளும் அடக்கம். சேற்று விளிம்பை நம்பி வாழ்பவை இவை. மயில், குயில், மாடப்புறா போன்றவை நன்றாகவே இருக்கின்றன. சிட்டுக்குருவி அழிந்தேவிட்டது என்ற நம்பிக்கையை 2020-இல் வந்த முதல் அறிக்கை திருத்தியது. நாடு முழுவதும் அது ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, குறைந்திருப்பது பெருநகரங்களில்தான் என்று கணக்கு காட்டியது. பறவை நேசர்களின் வருத்தத்தைக் கூட எண்ணிக்கையால்தான் சரியான இடத்துக்குத் திருப்ப முடிகிறது.

கணக்கைப் படிக்கும் முறை

இந்தக் கணக்கெடுப்பின் நுட்பம் எளிது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததுமான எல்லாப் பறவைகளையும் எழுத வேண்டும். 'எல்லாம்' என்பதுதான் முக்கியம். காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டால் பட்டியல் பயனற்றதாகிவிடும். முழுப் பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே தட்டுப்படவில்லை என்று பொருள்கொள்ள முடியும். விருப்பமானதை மட்டும் எழுதிய பட்டியலில் அப்படிப் பொருள்கொள்ள வழியில்லை. நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை வருகிறது என்ற விகிதம்தான் அதன் பரவலைக் காட்டும். அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்பதுதான் போக்கு.

எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இந்தப் புறநகரிலேயே அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கோடைக் கூட்டம். ஏப்ரல், மே மாதங்களில் ஏரி வற்றிக் கடைசிக் குட்டையில் மீன்கள் நெருக்கியடிக்கும்போது கூழைக்கடாவும் நாரையும் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். படம் எடுக்க அருமையான காட்சி. ஏரி செழித்திருப்பதன் அடையாளம் அல்ல அது. இரண்டாவது, குப்பை. பெருங்குடிக் குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் கரும்பருந்துகளும் காக்கைகளும் நகரத்தின் எச்சிலைக் கணக்குச் சொல்கின்றனவே தவிர, சதுப்பு நிலத்தின் வளத்தை அல்ல. மூன்றாவது, சாக்கடை. கழிவுநீரின் சத்தில் சம்பும் ஆகாயத்தாமரையும் மண்டும்போது தாழைக்கோழியும் இலைக்கோழியும் பெருகும். மொத்த எண்ணிக்கை கூடியது போலவே தெரியும். அதே வேளையில் திறந்த நீரில் மூழ்கும் முக்குளிப்பானும் விளிம்பில் ஓடும் உள்ளானும் காணாமல் போயிருக்கும்.

மூன்று இடத்திலும் மொத்த எண்ணிக்கை ஏமாற்றுகிறது, இனவாரிக் கணக்கு ஏமாற்றுவதில்லை. எந்த ஆழத்தின் பறவைகள் கூடின, எந்த ஆழத்தின் பறவைகள் குறைந்தன என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

தூர்வாரிய பிறகு

2019 கோடையில் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது சிட்லபாக்கத்து மக்கள் தாங்களே மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்கள். செம்பாக்கம் ஏரி சுமார் 100 ஏக்கர். அதை மீட்கும் பணியில் நேச்சர் கன்சர்வன்சி, சென்னை ஐஐடி, கேர் எர்த் ஆகியவை கைகோத்தன. ஏரி என்றால் வீட்டுமனையாகக் காத்திருக்கும் இடம் என்று எண்ணிய காலம் மாறியிருப்பது பெரிய நிறைவு. அந்த உழைப்புக்கு மதிப்பளித்தே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏரிச் சீரமைப்பு என்றதும் நம் மனத்தில் வரும் படம் ஒன்றுதான். உள்வாயை முழுக்க ஆழமாகத் தோண்டுவது, தோண்டிய மண்ணால் கரையைச் செங்குத்தாக உயர்த்துவது, கல் பதிப்பது, மேலே நடைபாதையும் விளக்கும் அமைப்பது. இதில் கொள்ளளவு கூடும், மாலை நடைக்கு இடமும் கிடைக்கும். ஏரியோ குளியல் தொட்டியாகிவிடும். பழைய ஏரியின் வடிவம் வேறு. கரைப்பக்கம் ஆழமும், எதிர்ப்புறத்து உள்வாயில் கண்ணுக்குத் தெரியாத சரிவும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, தைக்குப் பிறகு நீர் பின்வாங்கப் பின்வாங்க, நாளுக்கு நாள் புதுச்சேறு வெளிப்படும். வலசைப் பறவைகள் ஊர் திரும்புவதற்கு முன் கொழுப்பு சேர்த்துக்கொள்வது இந்தச் சேற்றில்தான். செங்குத்துக் கரையில் நீர் இறங்கினாலும் விளிம்பு அகலாது. நீர்க்காகம் இருக்கும், கூழைக்கடா வரும், நடைபாதையில் நிற்பவருக்கு ஏரி நிறையப் பறவைகள் என்றே தோன்றும். கால் குட்டையான அத்தனையும் போயிருக்கும்.

கொள்ளளவா, பறவையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கரையோரத்து ஆழத்தைக் கூட்டி, உள்வாய்ப் பக்கம் நீண்ட சரிவை விட்டுவைத்தால் இரண்டும் நடக்கும். நடைபாதையை ஒரு பக்கத்தோடு நிறுத்தலாம். கழிவுநீரை ஏரிக்கு வருமுன் தடுத்தால் சம்பு தானாக அடங்கும். சம்பை வெட்டி எடுப்பதன் பலன் அடுத்த மழை வரைக்கும்தான்.

இதற்கு ஆதாரம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆதாரம் திரட்டும் வேலை குடியிருப்போர் சங்கமும் பள்ளிகளும் செய்யக்கூடியது. உங்கள் ஏரியில் ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒருமுறையேனும், 15 நிமிட முழுப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு பறவைக்கும் நேரே அது நின்ற இடத்தைக் குறியுங்கள்: நடுநீர், முழங்கால் நீர், சேறு, மிதக்கும் இலை, கோரை, மரம். பறவைப் பட்டியல்களுக்கான இணையதளமான இபேர்டில் (eBird) பதிவேற்றினால் அது நாட்டின் கணக்கோடு சேரும். ஒரு நோட்டில் எழுதிவைத்தாலும் போதும், தேதி இருந்தால் சரி. தொடங்க நல்ல நாள் பொங்கல். ஏரி நிரம்பி, வலசை வந்தவையும் ஊர்ப் பறவைகளும் ஒன்றாக இருக்கும் பருவம் அது.

ஏரிக்குத் திட்டம் தீட்டும் அதிகாரிகளிடம் வைக்க வேண்டிய கோரிக்கையும் ஒன்று உண்டு. ஒவ்வொரு சீரமைப்புத் திட்டத்திலும், வேலை தொடங்கும் முன் ஓராண்டுக்கான பறவைக் கணக்கும் முடிந்த பின் மூன்றாண்டுக்கான கணக்கும் சேர வேண்டும். எத்தனை கோடி செலவானது, எத்தனை கனஅடி கூடியது என்று எழுதும் பலகையிலேயே கொசு உள்ளானும் நத்தைகுத்தி நாரையும் எத்தனை வந்தன என்று எழுத வேண்டும். மண்ணை அள்ளியதற்குக் கணக்கு இருப்பது போல, விளிம்பைக் காத்ததற்கும் கணக்கு இருந்தால்தான் அந்த ஏரி மீண்டது என்று ஒப்புக்கொள்ள முடியும்.